மாடியில் விழும் மழை எவ்வளவு தேறும்?

கேள்வி: எங்கள் மொட்டை மாடி 100 சதுர மீட்டர். மழைநீரைத் தொட்டியில் பிடித்தால் எவ்வளவு தேறும்? கொஞ்ச நாளில் நாறிவிடாதா?

பதில்: கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். அப்படியானால் 20 மில்லிமீட்டர் மழைக்கு உங்கள் மாடியில் 2,000 லிட்டர் விழும், தெறிப்பதும் தளம் உறிஞ்சுவதும் போக ஏறக்குறைய 1,600 லிட்டர் தொட்டிக்கு வரும். நாற்றத்துக்குக் காரணம் கூடவே வரும் தூசி, இலை, பறவை எச்சம்தான். அதனால் முதலில் வரும் 100, 200 லிட்டரைத் தனிக் குழாயில் வெளியே விட்டுவிடுங்கள், தயவுசெய்து இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். அப்புறம், தொட்டிக்குள் வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும், நன்றாக மூடுங்கள். திறப்புகளில் கொசுவலை கட்டுங்கள். செடிக்கும் துணி துவைக்கவும் அப்படியே எடுக்கலாம். குடிக்க என்றால் வடிகட்டிக் கொதிக்க வைத்துத்தான்.