குளிர் அறைக்குள் போன ஆப்பிள் ஏன் கெடுகிறது?

கேள்வி: பறித்து மூன்று மாதம் குளிர் அறையில் வைத்திருந்த எங்கள் தோட்டத்து ஆப்பிள்களில் சிலவற்றின் தோலுக்கடியில் சிறு பழுப்புக் குழிகள் விழுந்துள்ளன. சிலவற்றின் தோல் வெந்ததுபோல் பழுப்பேறியிருக்கிறது. ஒரு பெட்டியில் நீலப் பூஞ்சை பரவியிருக்கிறது. குளிர் போதாததுதான் காரணமா? இவற்றை வெட்டி நீக்கிவிட்டு உண்ணலாமா?

பதில்: நீங்கள் கண்ட மூன்றில் முதல் இரண்டும் கிருமியால் வருபவை அல்ல, பழத்தின் உடற்செயலில் ஏற்படும் கோளாறுகள். மூன்றாவது மட்டுமே நோய். குளிர் இவற்றைத் தாமதப்படுத்துமே தவிர, மரத்திலேயே தொடங்கிவிட்ட குறையைச் சரிசெய்யாது.

'கசப்புக் குழி' எனப்படும் பழுப்புக் குழிகளுக்குக் காரணம், பழத்துக்குப் போதிய கால்சியம் சேராததே. வேரிலிருந்து ஏறும் நீரோடு வரும் கால்சியத்தில் பெரும்பங்கை இலைகளே இழுத்துக்கொள்வதால், தழைச்சத்து மிகுந்து தளதளவென்று வளர்ந்து, குறைவாகக் காய்த்துப் பெரிய பழங்களைத் தரும் மரங்களில் இக்குறை கூடுதலாகத் தெரியும். (பெரிய பழத்தைக் கண்டு மகிழ்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.) காய் வளரும் பருவத்தில் கால்சியம் குளோரைடு கரைசலைப் பலமுறை தெளிக்க வேண்டும், இலையில் படிந்த கால்சியம் காய்க்கு நகராது என்பதால், காயின் மேல் படும்படி தெளிப்பதே பயன் தரும்.

தோல் வெந்ததுபோல் ஆவது பெரும்பாலும் முதிராத பழத்தைப் பறித்ததன் விளைவு. தோலில் உருவாகும் ஆல்ஃபா ஃபார்னசீன் என்ற பொருள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து தோல் செல்களைச் சிதைக்கிறது. பழத்தை வெளியே எடுத்து வெதுவெதுப்பான இடத்தில் வைத்த பின்னரே நிறம் முழுதாக வெளிப்படுவதும் உண்டு. அதற்காகத் தாமதித்துப் பறித்தால், உள்ளே நீர் கோத்துச் சதை பழுப்பாகும் வாய்ப்பு கூடும். பழத்தைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசல் தடவினால் மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். பழம் முதிர முதிர நடுவிலிருந்து வெண்மை விரியும். இச்சோதனையைக் கொண்டு பறிக்கும் நாளை முடிவுசெய்யுங்கள். ஆக்சிஜனை 1 முதல் 3 விழுக்காட்டுக்குக் குறைத்து வைக்கும் கிடங்குகளில் தோல் வெந்ததுபோல் ஆகும் கோளாறு வெகுவாகக் குறைகிறது.

நீலப் பூஞ்சை பெரும்பாலும் காயத்தின் வழியாகவே நுழைகிறது. பறிக்கும்போது ஏற்படும் நகக்கீறல், காம்பு குத்திய துளை, பெட்டியில் மோதிய கன்றல் ஆகியவை போதும். இதன் வித்துகள் பழைய பெட்டிகளிலும் கழுவும் நீரிலும் தங்கியிருக்கும் என்பதால், பெட்டிகளைக் கழுவி உலர்த்துவதும் நீரை அடிக்கடி மாற்றுவதும் அவசியம். 0 டிகிரி செல்சியஸிலும் இது மெல்ல வளரும்.

பெரும்பாலான ரகங்களை 0 டிகிரியை ஒட்டிய குளிரிலும் 90 முதல் 95 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைக்கலாம். ஹனிகிரிஸ்ப் போன்ற சிலவற்றுக்கு அக்குளிரே கேடு. அவற்றுக்கு 3 டிகிரி அளவே பொருந்தும்.

கசப்புக் குழியையும் வெந்த தோலையும் நீக்கிவிட்டு உண்பதில் தீங்கில்லை. நீலப் பூஞ்சை பிடித்ததை மட்டும் முழுமையாக எறிந்துவிடுங்கள்; பாட்டுலின் என்ற நச்சு அழுகலைச் சுற்றியுள்ள சதையிலும் பரவியிருக்கும், சாறு பிழிந்து சூடாக்கினாலும் முழுதாக அழியாது.