தாத்தாவின் கடை – கடிதம்

அன்புள்ள அண்ணா,

1964-இல் பர்மாவின் பெகு நகரில் எங்கள் தாத்தாவின் மளிகைக் கடையை அரசு எடுத்துக்கொண்டது. சாமான்களைப் பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கி, சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பட்டியலின் நகல் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. எங்களுக்குச் சோசலிசம் என்றால் அதுதான். நீங்களோ அதில் ஒரு நியாயம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி?

ஒரு வாசகி, பெகு

அன்புள்ள தங்கைக்கு,

சோசலிசம் எழுப்பிய கேள்வியில் நியாயம் உண்டு என்றேன். கடையைப் பிடுங்கியதில் அல்ல.

சொத்து யாருடையது, விலையை யார் சொல்வது என்ற இரண்டையும் நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஐராவதி டெல்டாவில் விவசாயிகள் நிலத்தை ஈடு வைத்துச் செட்டியார்களிடம் கடன் வாங்கினார்கள். 1930-இல் நெல் விலை விழுந்தது. கடன் அப்படியே நின்றது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அந்த ஆண்டு 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-இல் 25 சதவீதம். அவர்களுக்கு வேண்டியிருந்தது பணம், வயல் அல்ல. எல்லாம் பத்திரப்படி, கோர்ட்டுப்படி நடந்தது. யாரும் திருடவில்லை, ஆனாலும் உழுதவருக்கு நிலமில்லை. முதலாளித்துவத்தை விமர்சிப்பவர்கள் கேட்பது இதைத்தான். நம் வீடுகளில் 1964-ஐச் சொல்லுவோம், இதைச் சொல்ல மாட்டோம்.

சரி, விடுதலைக்குப் பிறகு நிலம் அரசுடைமை ஆயிற்று. 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து 'சோசலிசத்துக்குப் பர்மியப் பாதை' என்றார். வட்டிக்காரர் போய்விட்டார். ஆனால் விவசாயி தன் நெல்லில் ஒரு பங்கை அரசு குறித்த விலைக்கு அரசிடமே போட வேண்டும், வெளியே அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தாலும். பத்திரத்தில் பெயர் மாறியதே தவிர, விலை சொல்லும் வாய் அப்போதும் விவசாயியுடையது இல்லை. இதைப் பொதுவுடைமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது அரசுடைமை, அவ்வளவுதான்.

சந்தை மட்டும் சாகவே இல்லை. அரசு நடத்திய, எண் போட்ட ‘மக்கள் கடை’யில் கிடைக்காத சோப்பும் துணியும் தாய்லாந்து எல்லை வழியாகப் பின்தெருவுக்கு வந்தன. விலை என்பது ஒரு செய்தி, அத்தனை செய்தியையும் எந்தத் திட்டக்குழுவாலும் ஓரிடத்தில் திரட்ட முடியாது என்றார் பொருளியலாளர் ஹாயெக். அவரோடு எனக்குப் பல சண்டை உண்டு, இதில் இல்லை.

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றியும் தரவில்லை. அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டு நோட்டுக் கட்டை எடுத்தார், தவிட்டைத் தட்டினார், எண்ணினார். செல்லாது என்று தெரிந்த பிறகும் இரண்டு தரம் எண்ணினார். மறுநாள் அந்த நோட்டுகளை வைத்து நானும் தம்பியும் கடை வைத்து விளையாடினோம். அம்மா திட்டவில்லை.

உங்கள் வீட்டுப் பட்டியலில் அரிசி மூட்டைக்கு நேரே என்ன விலை போட்டிருக்கிறது? அது தாத்தாவின் கையெழுத்தா, வந்த அதிகாரியுடையதா? பார்த்து எழுதுங்கள்.