தகப்பன் செய்த பாவத்துக்குப் பிள்ளையைக் கடவுள் தண்டிப்பாரா?

இல்லை. அவரவர் பாவத்துக்கு அவரவரே கடவுளிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். பாவத்துக்கான தனிப்பட்ட பொறுப்பு என்பது இதுதான்.

வேதாகமத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம் 18ஆம் அதிகாரம் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட சனங்களிடம் ஒரு பழமொழி இருந்தது: பிதாக்கள் திராட்சைக்காய் தின்ன, பிள்ளைகளுக்குப் பல் கூசியதாம். இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார் கடவுள். நல்ல தகப்பன், கொடிய மகன், நேர்மையான பேரன் என்று மூன்று தலைமுறையைக் காட்டி, ஒவ்வொருவரையும் தனியாகவே நியாயந்தீர்க்கிறார். ஏனென்றால் எல்லா உயிரும் அவருடையவை. கெட்டவன் சாவதிலும் அவருக்கு விருப்பமில்லை, திரும்பினால் பிழைப்பான். என் மனதை அதிகம் தொடுவது இந்த இடம்தான். தகப்பனின் குற்றம் மட்டுமல்ல, அவனவனுடைய பழைய குற்றமும் மனந்திரும்பியவனைக் கட்டி வைக்காது.

அப்படியானால், பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிப்பதாக யாத்திராகமம் 20:5 சொல்கிறதே? கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விதைக்கும் ஒரு கமக்காரரை எடுங்கள். வாய்க்கால் துப்புரவுக்கு அவர் போகவில்லையென்றால் தெண்டம் அவருக்குத்தான், பள்ளிக்கூடம் போகும் மகனுக்கல்ல. ஆனால் தண்ணீர் வராமல் கதிர் பதராய்ப் போனால், சோறு குறைவது மகனின் கோப்பையிலும்தான். விளைவு பிள்ளைகள்வரை வரும், குற்றம் வராது. அந்த வசனமும் ‘என்னைப் பகைக்கிறவர்கள்’ என்றே சொல்கிறது; அதாவது, தாங்களும் கடவுளைப் பகைக்கிறவர்களைப் பற்றியே பேசுகிறது.

வன்னியில் போரில் அதிகம் இழந்தவர்கள் அதிகம் பாவம் செய்தவர்கள் என்று சிலர் நினைப்பது பிழை: சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று இயேசுவே லூக்கா 13இல் சொல்லியிருக்கிறார்.