ஃப்ளூருஸில் ஜெயித்தது பலூனா?

கேள்வி: 1794-இல் ஃப்ளூருஸ் போரில் பிரெஞ்சுப் புரட்சிப் படை பலூனில் ஏறி வேவு பார்த்ததால்தான் ஜெயித்தது என்று படித்தேன். உண்மையா சார்?

பதில்: பலூன் பறந்தது உண்மை. அதனால்தான் ஜெயித்தார்கள் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்றைய பெல்ஜியத்தில், ஜூன் 26 அன்று நடந்த போர் அது. எதிரே கோபர்க் இளவரசரின் ஆஸ்திரிய, டச்சுப் படைகள். பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டிருந்த ஷார்லெருவா கோட்டையை மீட்கத்தான் அவர் வந்தார். கோட்டையோ முந்தின நாளே சரணடைந்துவிட்டது. அந்தச் சேதி அவருக்கு எட்டவில்லை! அதுவரை கோட்டையை வளைத்து நின்ற பிரெஞ்சு வீரர்களும் போருக்குப் பிரெஞ்சுத் தளபதி ஜூர்தானுக்குக் கிடைத்துவிட்டார்கள். அவரிடம் சுமார் 75,000 பேர், கோபர்க்கிடம் 50,000 சொச்சம். அப்படியும் பிரெஞ்சுப் படையின் இரண்டு ஓரங்களும் சாம்பர் ஆற்றுப் பக்கம் தள்ளப்பட்டன. நாள் முழுக்க மல்லுக்கட்டிய பிறகு, காப்பாற்ற வந்த கோட்டையே இல்லை என்று தெரிந்து கோபர்க் பின்வாங்கினார். என் கணக்கில் வெற்றியின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது.

சரி, பலூன்? கேப்டன் கூத்தெலும் தளபதி மோர்லோவும் கூடையில் மணிக்கணக்காக நின்றார்கள். கண்ணில் பட்டதைச் சீட்டில் எழுதி, பையில் போட்டுக் கயிறு வழியாகக் கீழே இறக்கினார்கள். ஆனால் பீரங்கிப் புகை மூடிய களத்தில், மேலே இருப்பவருக்கு எவ்வளவு தெரிந்துவிடும்?

எனக்கு இதில் மனசைத் தொடுவது வேறு. அந்தப் பலூனுக்கு ஹைட்ரஜன் வேண்டும். வழக்கமாகக் கந்தக அமிலத்தை வைத்துத் தயாரிப்பார்கள். கந்தகமோ வெடிமருந்துக்கே போதவில்லை. அதனால் அடுப்பில் இரும்பைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி, அதன்மேல் நீராவியைச் செலுத்தி வாயு எடுத்தார்கள். ஒரு தடவை நிரப்பவே ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். மோபோஜ் நகரில் அப்படி நிரப்பிய பலூனைக் காலி செய்துவிட்டு ஷார்லெருவாவில் மறுபடி நிரப்ப நேரமில்லை. ஊதிய பலூனை ஊதியபடியே, வீரர்கள் சுற்றிலும் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு நடந்தே கொண்டுபோனார்கள். எல்லோரும் ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் போதும், காற்று இழுத்துக்கொண்டு போய்விடும். போர் தொடங்கும் முன்பே அவர்கள் கைகள் என்ன பாடுபட்டிருக்கும் என்றுதான் எனக்கு யோசிக்கத் தோன்றுகிறது.