லாரி மேடு இழுக்கலை, கரும்புகை தள்ளுது, டர்போ மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: லோடோடு பேரணாம்பட்டு தாண்டி மலைப்பாதை ஏறும்போது வண்டி திணறுகிறது, புகை கறுப்பாகத் தள்ளுகிறது, மைலேஜ் விழுந்துவிட்டது, பட்டறையில் "டர்போ காலி" என்கிறார்கள். டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) போனதற்கு இதில் தனி ஆதாரம் எதுவும் இல்லை. காற்று எங்கோ கசிந்தாலும் இதே அடையாளங்கள்தான் வரும். தவணை ஓடும் ஒற்றை வண்டிக்காரர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பத்து வண்டி வைத்திருப்பவர் என்றாலும் சோதனை இதேதான்.

டர்போ அழுத்திக் கொடுக்கும் காற்று, அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்குப் போகிறது. நடுவில் கசிந்தால் டீசலுக்கேற்ற காற்று சேராது, அதுதான் கரும்புகை. இழந்த காற்றை ஈடுகட்ட டர்போ வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும், எக்ஸாஸ்ட் சூடும் ஏறும். கசிவை விட்டுவிட்டுப் புது டர்போ போட்டால் அதுவும் இதே பாட்டைப் பட்டு சீக்கிரம் போய்ச் சேரும். "போன தடவைதானே மாத்தினோம், அதுக்குள்ள எப்படிங்க?" என்ற கேள்விக்குப் பாதி நேரம் இதுதான் பதில்.

"புகையே இல்லையே, அப்போ லீக் கிடையாதே" என்று ஒருவர் கீழே கமெண்டில் வந்து சொல்வார். பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டிகளில் பல மாடல்களில் பம்ப் தலையில் ஒரு டயாபிராம் இருக்கும். மேனிஃபோல்டிலிருந்து சின்னக் குழாயில் வரும் காற்றழுத்தம் அதைத் தள்ளினால்தான் பம்ப் முழு டீசல் விடும். அந்தச் சின்னக் குழாய் வெடித்தாலோ டயாபிராம் கிழிந்தாலோ வண்டி இழுக்காது, புகையும் வராது. பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார் காட்டும் காற்றுக் குறைவைப் பார்த்து ஈ.சி.எம். (எஞ்சினை நடத்தும் கணினி) தானே டீசலைக் குறைக்கும், ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக் குறியீடு வரும். அந்தக் குறியீடு "அழுத்தம் போதவில்லை" என்பதைத்தான் சொல்கிறது. டர்போவை மாற்றச் சொல்லவில்லை.

முதலில் டர்போவையே பார்த்துவிடுங்கள். எஞ்சின் ஆறியபின் ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றி ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், பேரிங் ஆயில் படலத்தில் மிதப்பது. முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. விசிறி இதழ் டர்போ கூட்டின் உள்சுவரில் உரசிய தடமோ, இதழ் நுனி தேய்ந்தோ உடைந்தோ இருப்பதோ தெரிந்தால் டர்போ வேலை உண்டு. இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டும் அடைத்திருந்தாலும் வண்டி இழுக்காது. அதைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

இப்போது காற்று ஏற்றும் சோதனை. டர்போவின் உறிஞ்சும் வாய் அளவுக்கு லேத்தில் ஒரு மூடி கடைந்துகொள்ளுங்கள், நைலானோ இரும்போ. நடுவில் 11.5 மி.மீ. ஓட்டை போட்டு ட்யூப்லெஸ் வால்வு ஒன்றை இழுத்து மாட்டினால் டயருக்குக் காற்று அடிக்கும் ஹோஸே போதும். சிலர் பி.வி.சி. மூடி போடுகிறார்கள். வேண்டாம், காற்றழுத்தத்தில் அது சில்லு சில்லாக வெடிக்கும். மூடியை ஹோஸ் துண்டில் இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். 4 இஞ்ச் மூடியில் 20 பி.எஸ்.ஐ. ஏறினால் நூறு கிலோவுக்கு மேல் வெளியே தள்ளும். அதனால் மூடிக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, கிளீனர் பையன் கண்டிப்பாக நிற்கக் கூடாது. வண்டியின் ஏர் டேங்கில் இருப்பது 8 பார், அதாவது 115 பி.எஸ்.ஐ.க்கு மேல். ரெகுலேட்டர் இல்லாமல் அதை நேராகத் திறந்தால் இன்டர்கூலர் கிழியும். 5-ல் தொடங்கி 15, அதிகபட்சம் 20 வரை மெல்ல ஏற்றுங்கள்.

ஏற்றும் முன் இரண்டு காரியம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடி ஆயில் கூடு) புகைக்குழாய் டர்போவுக்கு முன்னால் சேருகிற வண்டியானால் அந்த வாயையும் அடையுங்கள். இல்லாவிட்டால் காற்று கிராங்க் கேஸுக்குள் இறங்கி ஆயில் சீலைத் தள்ளிவிடும். ஏற்றியபின் ஆயில் மூடி வழியாகக் கொஞ்சம் "உஸ்" கேட்டால் பயப்பட வேண்டாம், டர்போ சீலும் பிஸ்டன் ரிங்கும் முழுக்கக் காற்றை நிறுத்துவதில்லை. சைலன்ஸர் பக்கம் பலமாகப் போனால் ஏதோ ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் திறந்த நிலையில் நிற்கிறது. ஃப்ளைவீலைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள்.

பிறகு பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் அடியுங்கள். பெரிய கசிவு காதிலேயே கேட்கும், சின்னது நுரை கட்டும். ஹோஸின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து விடாதீர்கள். கிளாம்ப் பட்டைக்கு அடியில் ஹோஸ் வெட்டுப்பட்டிருக்கும். பட்டைக்கு ஒட்டினாற்போல் ஆயில் கசிந்து புழுதி பிடித்துக் கறுப்பாக ஒரு பிசுக்கு வளையம் தெரிந்தால் அங்கேதான் முதலில் அடியுங்கள். அடுத்து இன்டர்கூலரின் இரு பக்கத் தொட்டியும் நடுக்கோரும் (மெல்லிய ட்யூப்கள் அடுக்கிய நடுப்பகுதி) சேரும் மூலைகள். மேனிஃபோல்டு கேஸ்கெட், சென்சார் ஓ-ரிங், வேஸ்ட்கேட்டுக்கு (டர்போ அழுத்தம் அளவுக்கு மீறாமல் எக்ஸாஸ்டை விலக்கிவிடும் கதவு) போகும் குட்டி ஹோஸ், சில எஞ்சின்களில் மேனிஃபோல்டிலிருந்து பிரேக் கம்பிரசருக்குக் காற்று போகும் குழாய் ஆகியவற்றையும் விட வேண்டாம். இவற்றைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

இன்டர்கூலர் மேல் சந்தேகம் என்றால் அதை மட்டும் தனியாக இரண்டு பக்கமும் அடைத்துப் பாருங்கள். கம்மின்ஸ் எஞ்சினுக்குச் சொல்லும் கணக்கு: 30 பி.எஸ்.ஐ. ஏற்றிக் காற்றை மூடினால் 15 நொடியில் 7 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. கொஞ்சம் இறங்குவது இயல்பு, ஒரு குமிழி வந்ததைக் காட்டிப் புதுசு விற்கப் பார்த்தால் ஏமாறாதீர்கள். மற்ற எஞ்சின்களுக்கு அவரவர் மேனுவலைப் பாருங்கள்.

சரிசெய்வதில் பாதி பேர் கெடுப்பது இங்கேதான். வெடித்த ஹோஸ் மேல் அனாபாண்ட் பசை, இன்டர்கூலர் விரிசலில் எம்-சீல். சூடும் அழுத்தமும் ஏறி இறங்கும் இடத்தில் இரண்டும் நிற்காது. பெயர்ந்த துண்டு எஞ்சினுக்குள் போகவும் கூடும். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரும் சூட்டுப் பக்கத்துக்கு ஆயில் தாங்கும் உள் பூச்சு உள்ள சிலிக்கான் ஹோஸ்தான் வேண்டும், சாதா ரப்பர் சில மாதத்தில் ஊதிப்போகும். ஸ்க்ரூ கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு டி-போல்ட் கிளாம்ப், கிடைத்தால் ஸ்பிரிங் வைத்தது, வாங்குங்கள். குழாய் முனையையும் ஹோஸ் உள்பக்கத்தையும் ஆயில் போகத் தின்னரால் துடைத்துக் காயவிட்டு, கிளாம்பைக் குழாய் விளிம்பின் மேட்டுக்கு உள்ளே தள்ளி உட்கார வைத்து இறுக்குங்கள். விளிம்பு மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் வண்டி முதல் ஏற்றம் ஏறும்போதே கழன்றுவிடும். ஒரு லோடு அடித்துச் சூடாகி ஆறியபின் மறுபடி இறுக்க வேண்டும்.

அலுமினியத் தொட்டி விரிசலை ஆர்கான் வெல்டிங் செய்யலாம். கோரின் ட்யூபே போயிருந்தால் புதுசுதான். இன்டர்கூலரைத் தாங்கும் ரப்பர் புஷ் நைந்திருந்தால் அதன் எடையெல்லாம் ஹோஸில் தொங்கும், புஷ் மாற்றாமல் ஹோஸ் மட்டும் மாற்றினால் வீண். உள்ளே கழுவினால் சொட்டு இல்லாமல் காயவையுங்கள். உள்ளே தேங்கிய ஆயிலோ மண்ணெண்ணெயோ எஞ்சினுக்குள் போனால் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடிச் சிதறும்.

ஜல்லி கிரஷர் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் கசிந்தால் இழுவை குறையாது, ஆனால் புழுதியை உறிஞ்சி டர்போ இதழையும் பிஸ்டன் ரிங்கையும் அரைத்துவிடும். அந்தப் பக்கத்து ரப்பர் அழுத்தத்துக்குச் செய்ததில்லை, 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றாதீர்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மைலேஜ் விழுந்தால் இங்கே முதல் பழி டிரைவர் தலையில்தான் விழும், "டீசல் உருவுறான்" என்று. பேட்டாவைப் பிடித்துக்கொண்டு, பள்ளிகொண்டா டோல் ரசீதையும் பங்க் பில்லையும் வைத்துக் கணக்குக் கேட்கிற ஓனர்களில் எத்தனை பேர் ஹோஸைப் பார்க்கிறார்கள்? ஒரு ஹோஸ் வெட்டுக்காக நல்ல டிரைவரை அனுப்பிவிட்டு அப்புறம் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புவது நம் பக்கத்தில் வாடிக்கை. டிரைவர்களில் எல்லாரும் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. முதலில் காற்றைச் சோதியுங்கள், பிறகு ஆளைச் சோதிக்கலாம்.

வேலை முடிந்ததும் ஷெட்டில் நின்றபடி ஆக்சிலேட்டரை அழுத்திப் பார்த்து "சரியாப்போச்சு" என்றால் நம்பாதீர்கள், லோடு இல்லாமல் டர்போ அழுத்தம் கட்டாது. மேனிஃபோல்டு குழாயில் டி இணைப்பு போட்டு, டர்போ அழுத்தத்தைக் காட்டும் ஒரு பூஸ்ட் கேஜைக் கேபினுக்கு இழுங்கள். லோடோடு மேட்டில் முழு ஆக்சிலேட்டரில் மேனுவல் சொல்லும் அளவு வருகிறதா பாருங்கள். வராமல், கசிவும் இல்லாமல் இருந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கரி படிந்த தடம் இருக்கிறதா, வேஸ்ட்கேட் திறந்தபடி மாட்டிக்கொண்டதா என்று பார்த்தபின் டர்போ பேச்சை எடுக்கலாம். பி.எஸ். 6 வண்டியானால் இத்தனை நாள் தள்ளிய கரி டி.பி.எஃப்.பில் (சைலன்ஸர் பக்கத்துக் கரி வடிகட்டி) சேர்ந்திருக்கும், அதை எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷனை ஒருமுறை ஓட்டிவிடச் சொல்லுங்கள்.