கல்லூரியில் குறி தப்பாத கிக்கர், என்எஃப்எல்லில் ஏன் தடுமாறுகிறார்?

டெக்சாஸில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "என் மகன் இங்கே கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியின் கிக்கர். இரண்டு பருவங்களாக அவனுடைய ஃபீல்டு கோல் உதைகளில் 86 சதவீதம் உள்ளே போகின்றன. வரும் வசந்தத்தில் என்எஃப்எல் தேர்வாளர்கள் முன்னால் உதைத்துக் காட்டப்போகிறான். கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த கிக்கர்கள் பலர் தொழில்முறைக்குப் போன ஓரிரு ஆண்டுகளில் வெளியேறிவிடுகிறார்களே, ஏன்? கையில் இருக்கும் நான்கைந்து மாதத்தில் அவன் எதைக் கவனிக்க வேண்டும்?"

புதியவர்களுக்கு ஒரு வரி: என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக். கிக்கர் என்பவர் பந்தை உதைப்பதற்கென்றே அணியில் இருப்பவர். தரையில் நிறுத்திய பந்தை இரு கோல் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலே உதைத்து அனுப்புவது ஃபீல்டு கோல். ஒரு யார்டு மூன்று அடி. முதல் வேலையாக அந்த 86 சதவீதத்தைத் தூரவாரியாகப் பிரித்து எழுதுங்கள். 30 யார்டுக்குள் எத்தனை, 30 முதல் 39 வரை எத்தனை, 40 முதல் 49 வரை எத்தனை, 50க்கு மேல் எத்தனை. தேர்வாளர்களின் கண் கடைசி இரண்டு வரிகளில்தான் நிற்கும்.

கோல் கம்பங்களின் இடைவெளி இரண்டு இடத்திலும் ஒன்றுதான், 18 அடி 6 அங்குலம். குறுக்குக் கம்பியும் அதே 10 அடி உயரம். மாறுவது தூரம். நேர் நடுவிலிருந்து உதைக்கும்போது, 20 யார்டில் பந்து இடமோ வலமோ ஏறக்குறைய 8.8 பாகை விலகினாலும் உள்ளே போய்விடும். 33 யார்டில் அந்தச் சலுகை 5.3 பாகையாகச் சுருங்குகிறது. 40 யார்டில் 4.4, 50 யார்டில் 3.5. இது காற்றையும் பந்தின் வளைவையும் சேர்க்காத கணக்கு. டச் டவுனுக்குப் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது) பிறகான கூடுதல் புள்ளி உதை கல்லூரியில் 20 யார்டு. என்எஃப்எல்லில் 2015 முதல் அது 33 யார்டு. அதாவது, 6 பாகை இழுத்து உதைக்கிற ஒரு பையனுக்கு அந்தப் பிழை கல்லூரியில் நான்கு ஆண்டும் புள்ளியாகவே கணக்கில் ஏறியிருக்கும். அதே உதை தொழில்முறையில் வெளியே போகும். பழக்கம் கெட்டுப்போனது அங்கே போய் அல்ல. இருந்த பிழையை மறைத்த திரை விலகுகிறது, அவ்வளவுதான்.

ராபர்ட்டோ அகுவாயோ இதற்கு நல்ல பாடம். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் 2013-இல் சிறந்த கல்லூரி கிக்கருக்கான லூ க்ரோஸா விருது பெற்றவர். கல்லூரியில் 198 கூடுதல் புள்ளி உதைகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஃபீல்டு கோலில் 78-க்கு 69. 40 யார்டுக்குள் 49-க்கு 49. மீதியைக் கழித்துப் பாருங்கள்: 40 யார்டும் அதற்கு மேலும் 29-க்கு 20, அதாவது 69 சதவீதம். 2016 டிராஃப்டில் (என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) டாம்பா பே அணி மூன்றாம், நான்காம் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து முன்னேறி, இரண்டாம் சுற்றில் 59-ஆவது ஆளாக அவரை எடுத்தது. முதல் பருவத்தில் 31-க்கு 22. 2017 ஆகஸ்டில், இரண்டாம் பருவம் தொடங்கும் முன்பே, விடுவிக்கப்பட்டார். அவருக்குத் திடீரென்று மனம் தளர்ந்துவிட்டது என்று சொல்வது எளிது. எச்சரிக்கை அந்தப் பழைய எண்களிலேயே இருந்தது என்பதுதான் எங்கள் கருத்து.

மைதானத்தின் நீளவாக்கில் இரண்டு ஹாஷ் கோடுகள் உண்டு; பந்து ஓரத்தில் நின்றாலும் அடுத்த நகர்வு அவற்றுக்குள்ளிருந்துதான் தொடங்கும். இந்தக் கோடுகளைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. கல்லூரியில் இரு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். 25 யார்டு தூரத்தில் கல்லூரி ஹாஷிலிருந்து உதைத்தால் நடுக்கோட்டிலிருந்து 15 பாகை சாய்வு. என்எஃப்எல் ஹாஷிலிருந்து 7 பாகைதான். இது அங்கே கிடைக்கும் சலுகை. அகன்ற ஹாஷுக்காக மனதில் வைத்திருந்த குறிப்புள்ளிகளை மட்டும் புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

அடுத்தது பந்து. இதைப் பெற்றோர்கள் கவனிப்பதே இல்லை. கல்லூரியில் ஒவ்வோர் அணியும் தன் பந்தையே பயன்படுத்துகிறது. கிக்கர் வாரக்கணக்கில் தேய்த்து, உதைத்து, தோலை இளக வைத்த பந்து அது. இளகிய பந்து சற்றே உப்பியிருக்கும். கால் படும் இடம் அகலமாக இருக்கும். கொஞ்சம் தவறிப் பட்டாலும் மன்னிக்கும். என்எஃப்எல் 1999-இல் உதைக்கென்றே தனிப் பந்துகளைக் கொண்டுவந்தது. 'கே' எழுத்து பொறித்ததால் அவற்றுக்கு கே-பால் என்று பெயர். நெடுங்காலம் அவை ஆட்ட நாளன்றுதான் புத்தம் புதிதாக அணியின் கைக்கு வந்தன. தேய்த்து மெழுகு எடுக்கக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. 2025 பருவத்திலிருந்து பந்துகளை முன்கூட்டியே வாங்கிப் பழக்க அணிகளுக்கு அனுமதி உண்டு. ஆகவே இந்தத் தடை பழையபடி பெரிதல்ல. ஆனால் தேர்வு முகாமில் எப்படிப்பட்ட பந்து கிடைக்கும் என்பது உங்கள் மகன் கையில் இல்லை.

மூன்றாவது, உதைக்கு முன் நடக்கும் வேலை. லாங் ஸ்னாப்பர் ஏழெட்டு யார்டு பின்னால் எறிகிறார், ஹோல்டர் பிடித்து நிறுத்தி, தையல் கோல் பக்கம் இருக்கும்படி சுழற்றுகிறார், கிக்கர் உதைக்கிறார். மொத்தமும் சுமார் 1.3 வினாடி. பந்து எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்பது கிக்கருக்குக் கிக்கர் வேறுபடும். கல்லூரியில் அதே இருவரோடு ஆண்டுக்கணக்கில் உதைத்தவர், என்எஃப்எல் முகாமில் அறிமுகமில்லாத இருவரோடு சேர்கிறார். அங்கே இன்னொரு கிக்கரும் போட்டிக்கு நிற்பார். முழு அணியோடு கிடைக்கும் உதைகளைப் பங்கு போட வேண்டும். கைகோக்கப் போதிய நாள் இல்லாமலே பருவம் தொடங்கிவிடும். தையல் திரும்பாமல் போனால் என்னாகும் என்பதற்கு 2016 ஜனவரியில் மினசோட்டா–சியாட்டில் பிளேஆஃப் (பருவ இறுதி வெளியேற்றச் சுற்று) ஆட்டம் சாட்சி. பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்கு 6 டிகிரி கீழே குளிர், தையல் கிக்கரைப் பார்த்தபடி இருந்தது. அனுபவசாலியான பிளேர் வால்ஷின் 27 யார்டு உதை இடப்பக்கம் வெளியே போனது. மினசோட்டா 9–10 எனத் தோற்றது.

எதிரணியின் கைகளும் உண்டு. பந்து வைத்த இடத்திலிருந்து ஆறு யார்டில் 10 அடி உயரத்தில் ஒரு கை எழுந்தால், அதைத் தாண்டப் பந்து ஏறக்குறைய 29 பாகையில் கிளம்ப வேண்டும். தூரத்துக்காகத் தாழ்வாக அடிக்கப் பழகிய கால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

இத்தனைக்கும் மேலே பெரிய காரணம் ஒன்று. 32 அணிகள், அணிக்கு ஒரு கிக்கர். பருவத்துக்குச் சுமார் 30 ஃபீல்டு கோல் முயற்சி. உண்மையிலேயே 85 சதவீதத் திறமையுள்ளவர் 30 உதையில் சராசரியாக 25 அல்லது 26 போடுவார். ஆனால் வெறும் தற்செயலாலேயே 23-க்கும் 28-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். 80 சதவீதத்துக்காரருக்கும் 85 சதவீதத்துக்காரருக்கும் பருவம் முழுக்க வித்தியாசம் ஒன்றரை உதைதான். எந்தப் பயிற்சியாளராலும் இவ்வளவு குறைந்த உதைகளைக் கொண்டு இருவரையும் பிரித்தறிய முடியாது. இருந்தும் முடிவு எடுத்தாக வேண்டும், எடுக்கிறார்கள். டேனியல் கார்ல்சன் 2018-இல் முதல் பருவ வீரராக மினசோட்டாவுக்குப் போனார். இரண்டாவது வாரம் கிரீன் பேயில் மூன்று ஃபீல்டு கோலைத் தவறவிட்டார், ஆட்டம் 29–29 எனச் சமனில் முடிந்தது, மறுநாள் விடுவிக்கப்பட்டார். அதே பருவத்தில் ரைடர்ஸுக்காக 17-க்கு 16 போட்டார். கால் அதே கால்தான். சான் ஃப்ரான்சிஸ்கோ 2023-இல் மூன்றாம் சுற்றில் எடுத்த ஜேக் மூடி 2025 பருவத்தின் முதல் ஆட்டத்தோடு விடுவிக்கப்பட்டு, அடுத்த மாதமே சிகாகோவுக்காக வாஷிங்டன் அணிக்கு எதிராக 38 யார்டு வெற்றி உதையைப் போட்டார்.

இனி உங்கள் மகனின் நான்கைந்து மாதம்.

உதைகளைப் பதிவு செய்யும்போது 'உள்ளே, வெளியே' என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். நடுவிலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். பின்னால் கைபேசியை நிறுத்திப் படம் பிடித்தால் போதும். கம்பத்தை உரசிப் போன 25 யார்டு உதை, 45 யார்டில் வெளியே போகும் உதை என்று எண்ணிக்கொள்ள வேண்டும். தவறுகள் ஒரே பக்கம் குவிந்தால் ஊன்றுகாலைப் பாருங்கள். அது பந்துக்கு மிக அருகில் விழுகிறதா, பின்தங்குகிறதா, பாதம் எங்கே பார்க்கிறது என்று கவனித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இரு பக்கமும் சிதறினால் அடி எடுத்து வரும் வேகம் ஒரே சீராக இல்லை என்று பொருள்.

உலோகத் தாங்கியில் பந்தை நிறுத்தி உதைப்பதைப் பாதியாகக் குறையுங்கள். தாங்கியில் பந்து அசையாது, தாமதமாகாது, தவறாகவும் சாயாது. வாரத்தில் இரண்டு நாளாவது உண்மையான ஸ்னாப்பர், ஹோல்டரோடு உதைக்கட்டும். அதிலும் ஒரு நாள் பழக்கமில்லாத ஹோல்டராக இருக்கட்டும். வேண்டுமென்றே தையல் திரும்பாத பந்து, சாய்வு தப்பிய பந்து சிலவற்றையும் கலந்து வையுங்கள். புதுப் பந்து மூன்று, பழகிய பந்து மூன்று வாங்கி, வரிசை சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

உயரத்துக்கு எளிய சோதனை: கோல் கம்பத்தின் குறுக்குக் கம்பிக்கு ஆறு யார்டு முன்னால் பந்தை வைத்து, கம்பிக்கு மேலே உதைக்கச் சொல்லுங்கள். வழக்கமான வீச்சிலேயே பந்து தாண்டினால் தடுப்புக் கைகளுக்கும் அது போதும். அதற்காகப் பின்னால் சாய்ந்து உதைக்க வேண்டியிருந்தால், 50 யார்டு உதையில் தூரம் குறைந்துவிடும்.

ஒரு நாளில் 40, 50 உதைக்கு மேல் வேண்டாம். வாரம் மூன்று நாள் போதும். தொடை, இடுப்புத் தசை கெட்டால் மொத்த வாய்ப்பும் போயிற்று. அதில் கடைசிப் பத்து உதைகளைத் தனித்தனியாக வையுங்கள்: ஒரு உதை, பத்து நிமிடம் சும்மா நிற்பது, மறுபடி ஒரு உதை. ஆட்டத்தில் கால் சூடாறிய பிறகுதான் அழைப்பு வரும். டெக்சாஸ் வெயிலில் மட்டும் பழகியவன் என்றால், சில நாளாவது வடக்கே குளிரில் உதைத்துவிட்டு வரட்டும். குளிரில் பந்து கல்லாக இறுகும், தூரம் குறையும். எத்தனை யார்டு குறைகிறது என்பதை அவனே அளந்து தெரிந்துகொண்டால், கேட்கிற பயிற்சியாளரிடம் நேர்மையாகச் சொல்லலாம்.

ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதையான கிக்-ஆஃபை மறக்க வேண்டாம். கல்லூரியில் மைதானத்தின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் ஓங்கி அடித்தால் போதும். என்எஃப்எல்லின் 2024 விதிப்படி பந்து கோல் கோட்டுக்கும் 20 யார்டு கோட்டுக்கும் இடையே விழ வேண்டும். அதற்கு முன்னாலேயே விழுந்தால் எதிரணிக்கு 40 யார்டு கோட்டில் பந்து. 2025-இல், காற்றிலேயே அந்தக் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போனாலும் 35 யார்டு கோட்டில் கொடுத்துவிடுகிறார்கள். மூலை பார்த்து விழ வைக்கிற காலுக்கு இப்போது தனி மதிப்பு.

முகாமுக்குப் போன பிறகு உதைமுறையை மாற்றக் கூடாது. நாலாபுறமும் அறிவுரை வரும். நன்றாக உதைத்த ஒரு நாளின் காணொளியைப் பின்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சறுக்கும்போது ஒப்பிட அது ஒன்றே போதும்.

டிராஃப்டில் பெயர் வராவிட்டால் கலங்க வேண்டாம். புகழ்பெற்ற கிக்கர்களான ஆடம் வினட்டியரி, ஜஸ்டின் டக்கர் இருவரையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. ஜேக் பேட்ஸ் கல்லூரியில் ஒரு ஃபீல்டு கோல்கூட முயன்றதில்லை. 2024 வசந்தத்தில் யுஎஃப்எல் என்ற வேறொரு தொழில்முறை லீக்கில் 64 யார்டு ஃபீல்டு கோல் போட்டு, அதே ஆண்டு டெட்ராய்ட் லயன்ஸின் கிக்கரானார். பருவம் நடக்கும்போது அணிகள் புதிய கிக்கர்களைப் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில்தான் வரவழைத்துச் சோதிக்கின்றன. திங்கள் இரவு அழைப்பு வந்தால் மறுநாள் காலை உதைக்க வேண்டியிருக்கும். ஆகவே செப்டம்பர் முதல் ஜனவரி வரை திங்கட்கிழமைகளில் கனமான கால் பயிற்சி எதுவும் வேண்டாம்.