புத்தர் சிலைகளில் கைகள் ஏன் விதவிதமாக இருக்கின்றன?

சிலையில் கை இருக்கும் விதத்துக்கு முத்திரை என்று பெயர். புத்தர் வாழ்க்கையின் எந்தக் கட்டம் அது என்பதை அதுதான் சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கதை புரிய வேண்டுமே! கல்யாண ஆல்பத்தில் கைகளைப் பார்த்தே இது மாலை மாற்றுவது, இது தாலி கட்டுவது என்கிறோம் இல்லையா, அப்படித்தான்.

வலது கை விரல்கள் முழங்காலைத் தாண்டித் தரையைத் தொட்டால் ஞானம் பெற்ற தருணம். தவத்தைக் கலைக்க வந்த மாரன் என்னும் தீய சக்தி சோதித்தபோது புத்தர் பூமியையே சாட்சிக்கு அழைக்கிறார். உள்ளங்கை நம்மைப் பார்த்து உயர்ந்திருந்தால் அபயம் (நடராஜரிடமும் இதே கைதான்). இரு கைகளும் மடியில் என்றால் தியானம்.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா பக்கம், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் உள்ள சாக்கியமுனி புத்தகயா கோவிலுக்குப் போனால் 15 மீட்டர் சிலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பின்பக்கச் சிற்றறையில் புத்தர் படுத்திருக்கிறார். பலர் நினைப்பதுபோல் அது தூக்கம் அல்ல, அவர் உயிர் நீத்துப் பரிநிர்வாணம் (மறுபிறவியில்லாத முழு விடுதலை) அடையும் கடைசி நேரம்.